படை இல்லாத சீமை என்று யார் சொன்னது?

சேலம், நாமக்கல் சமவெளிக்குப் படை வரலாறு கிடையாது என்ற எண்ணம் இங்கே படித்தவர்கள் மத்தியில் ஊறிப்போயிருக்கிறது. உழவு, நெசவு, லாரி, கோழிப்பண்ணை, ரிக் வண்டி என்று இந்த ஊர்களின் பெருமையை அடுக்குவார்கள். படை என்றதும் மதுரைப் பக்கமோ ராமநாதபுரம் பக்கமோ கையைக் காட்டிவிடுவார்கள். இந்த எண்ணம் தவறு என்பதோடு, இன்று உயிரோடு இருப்பவர்களின் வயிற்றிலும் அடிக்கிறது. ஆகவே மறுக்க வேண்டியிருக்கிறது.

மறுப்பதற்கு முன், எதிர்த்தரப்பு சொல்வதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சங்ககிரி, நாமக்கல், ஆத்தூர் கோட்டைகளைக் கட்டியவர்கள் நாயக்கர்களும் கெட்டி முதலிகளும் மைசூர்க்காரர்களும். அவற்றில் இருந்த படை அவர்கள் கொண்டுவந்த படை. ஊர்க்காரர்கள் வரி கட்டியதோடு சரி. ஊரில் ஆயுதம் வைத்திருந்த ஆள் காவல்காரன் ஒருவன்தான். அவனும் காவல்கூலி கொடுக்காத வீட்டில் தானே திருடுவான், அல்லது திருடவிடுவான். 1792-இல் திப்புவிடமிருந்து சேலமும் அதற்கு வடக்கே பாரமகால் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பிறகுதான் பாதையில் பயமில்லாமல் நடக்க முடிந்தது. பிறகு வந்த பிரிட்டிஷ் ராணுவமும் இந்தப் பக்கத்து ஆட்களைப் பெரிதாகத் தேடவில்லை. எனவே இன்று காக்கி உடுத்தித் திருவிழாக்களில் நிற்கும் ஊர்க்காவல் படையினர், போலீசுக்குக் கைகொடுக்க நேற்று உண்டாக்கிய ஏற்பாடு. சேவை செய்ய வந்தவர்களுக்குச் சம்பளம் எதற்கு?

இதில் அரை உண்மைகள் உண்டு. காவல்கூலி பல இடங்களில் மிரட்டல் காசாக மாறியிருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அரை உண்மைகளை அடுக்கி எழுப்பிய முடிவு நிற்கவில்லை. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ஊர்க்காரன் ஆயுதம் எடுக்கவில்லை என்றால் நடுகல் யாருக்கு நட்டார்கள்?

1965 வரை தர்மபுரி சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியிலும் அதை ஒட்டிய செங்கம் பக்கத்திலும் பல்லவர் காலம் தொட்டு நடப்பட்ட நடுகற்கள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. செங்கம் நடுகற்களை இரா. நாகசாமி 1972-இல் நூலாகவே வெளியிட்டார். தர்மபுரியில் நடுகற்களுக்கென்று அகழ்வைப்பகம் இருக்கிறது. அந்தக் கற்களில் இருப்பவர் யார்? பெரும்பாலும் மன்னர் இல்லை, தளபதியும் இல்லை. மாட்டு மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதி, மந்தையை மீட்டு, மாண்டுபோன ஊர் ஆள். ஆட்சியாண்டைச் சொல்லி, ஊரைச் சொல்லி, அவன் பெயரைச் சொல்லிக் கல் நிறுத்தியிருக்கிறார்கள். அக்காலத்து ஊரின் செல்வமே மந்தைதான். அதைக் காக்கத் தலைநகரத்திலிருந்து படை வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் பாடிகாவல் என்ற வரியைத் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஊரைக் காப்பதற்கென ஒரு வரி இருந்தது என்றால் காக்கும் ஆட்களும் பொறுப்பும் கூலியும் முறையாக வகுக்கப்பட்டிருந்தன என்று பொருள். அந்த வரி காலப்போக்கில் பெரிய குடும்பங்களின் கைக்குப் போயிற்று, சுமையாகவும் ஆயிற்று. போகட்டும். சுமையான ஏற்பாடும் ஏற்பாடுதான். இல்லாத ஒன்று சுமையாக முடியாது.

2. கோட்டை அரசனுடையது, காத்தவன் யாருடையவன்?

நாமக்கல் மலைக்கோட்டையை ஏறிப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி. மேலே இருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர். அதைக் கட்டியவர் சேந்தமங்கலம் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு மரபு, மைசூர் அதிகாரி லட்சுமிநரசய்யா என்று இன்னொரு மரபு. யார் கட்டினால் என்ன, அந்த ஒன்றரை ஏக்கரில் ஒரு பெரும்படையை ஆண்டு முழுக்க வைத்துச் சோறு போட முடியுமா? இப்படிப்பட்ட சிறு கோட்டைகள் கீழே இருக்கும் ஊரை நம்பி நின்றவை. கதவுக்கும் கருவூலத்துக்கும் சில ஆட்கள் போதும். ஆபத்து வந்தால் ஊரிலிருந்து ஆள் ஏற வேண்டும்.

அந்த ஆட்களுக்கு மைசூர் ஆட்சியில் பெயர் இருந்தது: கந்தாசாரச் சேவகர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராயர் காலத்தில் இந்தப் பகுதி மைசூர் வசமானது. ஐதர், திப்பு காலம் வரை கந்தாசாரம் தொடர்ந்தது. இதன் அமைப்பைப் புரிந்துகொண்டாலே பாதி வாதம் முடிந்துவிடும். சேவகன் உள்ளூர் ஆள். அவனுக்குக் குறைந்த தீர்வையில் நிலம், அல்லது கொஞ்சம் சம்பளமும் கொஞ்சம் நிலமும். சாதாரண நாளில் உழுவான். முறை வரும்போது கோட்டை வாசலில் நிற்பான். வரிப்பணத்தைப் பாதையில் பத்திரமாகக் கொண்டுபோவான். திருட்டு நடந்தால் தடம் பிடிப்பான். போர் வந்தால் நாட்டுத் துப்பாக்கியோடு கோட்டைச் சுவரில் ஏறுவான். இதேபோல நிலத்தை வைத்துக்கொண்டு சேவை செய்தவர்களைக் கட்டுபடிச் சேவகர் என்றும் கணக்கில் எழுதினார்கள். நிலம் ஊரில், குடும்பம் ஊரில், சேவை ஊருக்கு. இதைக் குடிப்படை என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது?

இவர்களின் அருமை எதிரிக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். 1768-இல் கர்னல் உட் தலைமையில் கம்பெனிப் படை இறங்கியது. தர்மபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு, கோயம்புத்தூர் என்று சில மாதங்களில் கோட்டை கோட்டையாகப் பிடித்தது. பிடித்த ஒவ்வொன்றிலும் சிறு சிறு காவல்படையை வைத்துவிட்டு நகர்ந்தது. அந்த ஆண்டின் கடைசியில் ஐதரின் படை கணவாய் இறங்கி வந்தபோது அந்தக் கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வாரங்களில் விழுந்தன. படையைச் சிதறடித்தது உட்டின் பிழை என்று போர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் சிதறிக் கிடந்த அதே கோட்டைகளை மைசூர் தலைமுறைக் கணக்கில் வைத்திருந்ததே, எப்படி? என் கணிப்பில் விடை சுவருக்கு வெளியே இருக்கிறது. கம்பெனிக் காவலுக்குக் கீழே இருந்த ஊர் அவர்களுடைய ஊராக இல்லை.

3. கொள்ளையரை ஒடுக்கிக் கம்பெனி அமைதி தந்ததாம். கம்பெனியின் வாக்குமூலமே வேறு.

எதிர்த்தரப்பின் அடித்தளம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

முதலில் தர்க்கத்தைப் பார்ப்போம். கந்தாசாரச் சேவகர்கள் இயல்பிலேயே கொள்ளையர் என்றால், 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு மலைக்கு மேலே மைசூரில் திவான் பூர்ணய்யா அவர்களை ஏன் வைத்துக்கொண்டார்? கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் பக்கத்திலேயே இருந்தார். அவர் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. ஆயுதம் பழகிய ஆட்களை வேலையில்லாமல் தெருவில் விட்டால் நாட்டுக்குத்தான் ஆபத்து என்பது அங்கே புரிந்திருந்தது. அதே அமைப்பு, அதே வகை ஆட்கள், மேலே அதே கம்பெனி. மலைக்கு மேலே காவலர், மலைக்குக் கீழே கொள்ளையர் என்றால் வேறுபாடு ஆட்களின் ரத்தத்தில் இல்லை. அவர்களை நடத்திய விதத்தில் இருக்கிறது.

கீழே நடத்திய விதம் என்ன? 1792-இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களான மன்றோ, மெக்லியாட், கிரகாம் ஆகியோரும் வந்தது நிலத்தை அளந்து தீர்வை போட. நிலவரி ஒன்றே குறியான ஆட்சியில், குறைந்த தீர்வையில் நிலம் வைத்திருப்பவன் இழப்பாகத்தான் தெரிவான். அடுத்த சில ஆண்டுகளில் சென்னை மாகாணம் முழுவதும் காவல்கூலிகளைச் சர்க்கார் தன் வருமானத்தில் சேர்த்துக்கொண்டது. 1802-ஆம் ஆண்டின் 35-ஆவது ரெகுலேஷன் தாரோகாக்களைக் கொண்டுவந்தது: சம்பளத்துக்கு வந்த வெளியூர் ஆட்கள், ஒருவர் பொறுப்பில் ஏகப்பட்ட ஊர்கள். பழைய முறையில் திருட்டுப் போனால் காவல்காரன் பொருளை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். தாரோகாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காவலுக்கான காசைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. காவல் மட்டும் காணாமல் போயிற்று.

பலன் என்ன? 1814-இல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் குழுவே இந்த முறை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டி, ஊர்க்காவலை மறுபடி ஊரிடம் கொடுக்கச் சொல்லி எழுதியது. அதை நிறைவேற்றத் தலைமை தாங்கி அனுப்பப்பட்டவர் பாரமகாலில் ஏழாண்டு இருந்த அதே மன்றோ. 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ரெகுலேஷன் மணியக்காரரையும் தலையாரியையும் மீண்டும் போலீஸ் பொறுப்பில் அமர்த்தியது. பதினான்கே ஆண்டுகளில் கம்பெனி தன் ஏற்பாட்டைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. கம்பெனி தந்த அமைதியைப் பாடுபவர்கள் கம்பெனியின் இந்த ஒப்புதலைப் படித்தார்களா?

திருப்பிக் கொடுத்ததும் முழுசாக இல்லை. தலையாரி திரும்பி வந்தான். அவனைத் தாங்கிய நிலமும் காவல்கூலியும் பழைய அளவில் வரவில்லை. சேவகர் நிலங்களின் கதை 1858-இல் அமைந்த இனாம் கமிஷனோடு முடிந்தது: சேவை இனி வேண்டாம், தீர்வையைக் கட்டிவிட்டு நிலத்தை வைத்துக்கொள். இடைப்பட்ட காலத்தின் அமைதி எப்படி இருந்தது என்பதற்கு 1855-இல் வெளியான சென்னைச் சித்திரவதைக் கமிஷனின் அறிக்கை இருக்கிறது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் சர்க்கார் சேவகர்களே குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று சர்க்கார் அமைத்த கமிஷனே உறுதி செய்தது. 1859-இல் புதிய போலீஸ் சட்டம் வந்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம்.

இனி, திருடன் என்ற பட்டத்துக்கு வருவோம். ஆயுதமும் காவலும் தொழிலாக இருந்தவனிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி, கூலியைப் பிடுங்கி, அப்புறம் அவன் மகன் எதில் பிழைக்கிறான் என்று சந்தேகப்பட்டது சர்க்கார். குறவர் சமூகத்தில் காவல் பார்த்தவர்கள் இருந்தார்கள். கழுதை மேல் உப்பு ஏற்றிக் கடற்கரையிலிருந்து மேட்டுச் சீமைக்குக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். முதல் தொழிலைக் கம்பெனியின் காவல் சீர்திருத்தம் தின்றது. இரண்டாவதை உப்பு வரியும் ரயிலும் தின்றன. 1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தபோது, பிறப்பாலேயே குற்றவாளி என்று கைரேகை வைக்கச் சொன்னவர்களின் பட்டியலில் சேலம் மேல்நாட்டுக் குறவரும் சேலம் உப்புக் குறவரும் ஏறினார்கள். மாவட்டத்தின் பெயரையே சேர்த்து முத்திரை குத்தினார்கள். இன்றைய சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. பிழைப்பைப் பறித்தது முன்னால் நடந்தது. பட்டம் பின்னால் வந்தது. பின்னால் வந்த பட்டத்தை எடுத்து முன்னால் இருந்தவர்கள் மேல் ஒட்டுவதைத்தான் இன்று வரலாறு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் 1947-இல் நீக்கியபோது உள்துறை அமைச்சராக இருந்தவர் ப. சுப்பராயன், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார். அந்த மண்ணின் ஜமீன்தாரே அநியாயம் என்று ஒப்புக்கொண்டு நீக்கிய ஒன்றை நம் மேடைப் பேச்சுகள் இன்னும் நீக்கவில்லை.

4. சின்னமலைக்கு மாலை போடுவோம், அவர் படையை மறந்துவிடுவோம். இது என்ன நியாயம்?

ஒவ்வோர் ஆடிப் பெருக்கின்போதும் சங்ககிரியில் கூட்டம் கூடுகிறது. 1805 ஆடியில் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையைத் தனி வீரனாக எல்லாரும் கொண்டாடுகிறார்கள். 1801-இல் காவிரிக் கரையிலும் 1802-இல் ஓடாநிலையிலும் 1804-இல் அரச்சலூரிலும் கம்பெனியோடு மோதியவர் ஒற்றை ஆளா? ஓடாநிலையில் கொங்கு நாட்டு இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்தார் என்பதும் அதே மரபு சொல்லும் செய்திதான். அந்த இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள்? உழவுக்காட்டிலிருந்து வந்தார்கள். ஆயுதப் பழக்கமே இல்லாத சனத்திலிருந்து மூன்று மோதலுக்கு ஆள் திரட்ட முடியாது. தலைவரை ஏற்றுக்கொண்டு படையை மறுப்பவர்கள் தலைவரையும் சேர்த்தே மறுக்கிறார்கள்.

5. ராணுவத்தில் எண்ணிக்கை குறைவு என்பது ஆள் எடுத்தவனின் கணக்கு.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் போருக்கு லாயக்கில்லை என்ற முடிவோடு போனார். 1897-இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அதை எழுதியும் வைத்தார். சென்னையை விட்டதும் இந்தியப் படை முழுவதற்கும் அவரே தளபதியாகியிருந்தார். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து 1920-களின் இறுதியில் அநேகமாக இல்லாமலே போயின. சாப்பர்கள் என்ற பொறியாளர் பிரிவு மட்டும் எஞ்சியது. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. இடைப்பட்ட காலத்தில் மக்களின் உடம்பும் துணிவும் மாறிவிடவில்லை. கதவுதான் சாத்திக் கிடந்தது.

தொண்டர் படையின் கதவும் அப்படியே. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் ரயில்வேயிலும் நகரங்களிலும் தொண்டர் ரைபிள் படைகளில் சேரலாம், நம்மவருக்கு இடமில்லை. 1886-இல் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் அந்த உரிமையைத் தீர்மானம் போட்டே கேட்டது. கிடைக்கவில்லை. சேர விடாமல் தடுத்துவிட்டு, சேரவில்லை என்று பழிப்பது முறையா? இதே குமாரமங்கலம் குடும்பத்தின் பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராக இருந்தாரே என்றால், அது விதிவிலக்கு, ஜமீன் வீட்டுப் பிள்ளை என்பார்கள். சரி, அவரை நான் சான்றாகக் கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்தது யாருக்கு என்பதை மட்டும் கவனியுங்கள்.

6. தொண்டு என்றால் கூலி வேண்டாம் என்று எந்த வரலாறு சொல்கிறது?

வரலாற்றைத் தப்பாகப் படிப்பதன் விலையை இன்று கொடுப்பவர்கள் ஊர்க்காவல் படையினர். 1946 டிசம்பரில் பம்பாயில் தொடங்கி, 1962 சீனப் போருக்குப் பிறகு நாடெங்கும் பரவிய அமைப்பு இது. நம் மாநிலத்தில் 1963-இல் தனிச் சட்டம் இயற்றிச் சேர்த்தார்கள். சேர்பவர்கள் வேறு தொழில் பார்ப்பவர்கள். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, திருச்செங்கோட்டு வைகாசித் தேர் என்று கூட்டம் சேரும் இடத்திலெல்லாம் வெயிலில் நிற்கிறார்கள். மேட்டூர் அணை நிரம்பிக் காவிரியில் தண்ணீர் பெருக்கெடுத்து, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோர வீடுகளுக்குள் புகும்போது, ஆற்றங்கரையில் ஆட்களை மேடேற்றும் வேலை போலீசோடு இவர்களுக்கும் உரியது. நிலத்துக்குப் பதில் படி. கோட்டை வாசலுக்குப் பதில் தேர்வீதி. மற்றபடி கந்தாசாரத்தின் அமைப்பு அப்படியே இருக்கிறது: உள்ளூர் ஆள், சொந்தத் தொழில், முறை வந்தால் காவல்.

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இவர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர் என்று ஏற்றுக்கொண்டது. அதே மூச்சில், முப்பது நாள் பணிக்கான படி போலீஸ்காரரின் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையக் கூடாது என்றும் கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் ஒருநாள் படி 560 ரூபாயாக உயர்ந்தது. உயர்ந்த கையோடு பணி நாள்கள் மாதத்துக்கு 5 என்று சுருங்கின. கூட்டிப் பாருங்கள்: 2,800 ரூபாய். தீர்ப்பின் எழுத்தைக் காப்பாற்றி உயிரை எடுத்துவிட்டார்கள். கேட்டால், தொண்டுதானே என்கிறார்கள். நான் மேலே சொன்ன ஆயிரத்துச் சில்லறை ஆண்டுகளில் ஊர் தன் காவலனைச் சும்மா நிற்கவைத்த காலம் ஒன்றைக் காட்டட்டும். பாடிகாவலுக்கு வரி இருந்தது, காவலுக்குக் கூலி இருந்தது, கந்தாசாரத்துக்கு நிலம் இருந்தது. தொண்டு என்பது சேர்வதில் காட்டும் விருப்பம். பட்டினியை அதில் சேர்த்தது நாம். சோற்றை நிறுத்தி ஊரின் காவலை ஒருமுறை கலைத்தவர்கள் என்ன அறுவடை செய்தார்கள் என்பதை மூன்றாவது பகுதியில் பார்த்தோம். அதே வழியில் மறுபடி போக என்ன அவசியம்?

எனவே கேட்பது இவ்வளவுதான். மாநில அரசு பணி நாள்களுக்கு வைத்த உச்சவரம்பை எடுத்துவிட்டு, உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கை அதன் பொருளோடு நிறைவேற்ற வேண்டும். நாமக்கல், சங்ககிரி கோட்டைகளின் அடிவாரத்தில் வைக்கும் பலகைகளில் கட்டிய அரசர்களின் பெயரோடு, சுவரைக் காத்த உள்ளூர்ச் சேவகர்களைப் பற்றியும் நான்கு வரி எழுத வேண்டும். சேலம், நாமக்கல் பள்ளி ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போகும்போது இந்த மண்ணுக்குப் படை இருந்தது என்று சொல்லுங்கள்.